கொழுந்தின் துவர்ப்பும் கிருமிகளும்

ஏலமலைச் சரிவில் – தொடர் கட்டுரை: 11

தேயிலைக் கொழுந்தை உலர்த்தி எடை போட்டால், அதில் கால் பங்குக்குக் குறையாமல் பாலிஃபீனால்கள் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் இருக்கும். செழிப்பான குருத்தில் இது மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடும். இவற்றில் பெரும்பகுதி கேட்டசின் என்ற ஒரே வகையைச் சேர்ந்தது. அதில் முக்கியமானவை நான்கு: எபிகேட்டசின், எபிகேலோகேட்டசின், இவ்விரண்டுடனும் காலிக் அமிலம் சேர்ந்து உண்டாகும் எபிகேட்டசின் கேலேட், எபிகேலோகேட்டசின் கேலேட். கடைசியில் சொன்னதன் நீளமான பெயரை ஆய்வுக்கூடங்களில் ஈ.ஜி.சி.ஜி. என்று சுருக்கிவிட்டார்கள். பச்சை இலையில் அளவால் அதுவே முதலிடம். நோய்க்கிருமிகளை எதிர்ப்பதிலும், காலிக் அமிலம் ஒட்டிய இந்தக் கடைசி இரண்டுமே மற்ற இரண்டைவிட வலுவானவை.

செடி இவற்றை மனிதனுக்காகச் செய்து வைக்கவில்லை. உச்சி வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்தும், இலை தின்னும் பூச்சியிலிருந்தும், ஈரத்தில் பரவும் பூஞ்சையிலிருந்தும் இளந்தளிரைக் காப்பதற்கான ஏற்பாடு இது. அதனால்தான் முற்றிய இலையைவிட இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளும் கொழுந்தில் கேட்டசின் கூடுதலாக இருக்கிறது. வெயில் நன்றாகப் படும் செடியில் கேட்டசின் ஏறும். நிழல் போட்டு வளர்த்தால் அது இறங்கி, தியானின் என்ற அமினோ அமிலம் கூடும். ஜப்பானில் பறிப்புக்குச் சில வாரங்கள் முன்பு செடிக்குப் பந்தல் போட்டு மூடுவது இந்தக் கணக்கை வைத்துத்தான்; அங்கே துவர்ப்பு குறைந்த, இனிப்புச் சாயலுள்ள தேநீருக்கு மதிப்பு அதிகம். பெரிய இலை கொண்ட அசாம் வகையில் கேட்டசின் பொதுவாக அதிகம், சிற்றிலை கொண்ட சீன வகையில் சற்றுக் குறைவு.

போடிநாயக்கனூர்ப் பக்கத்து அடிவார ஊரான பொட்டிபுரத்தில் தேயிலை வளராது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தன் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் வாங்கிக்கொள்வதால், போடிநாயக்கனூரை ஒட்டிய அடிவார ஊர்கள் மழைமறைவில் கிடக்கின்றன. போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் மர நிழலில் ஏலக்காய். அதற்கும் மேலே, மூடுபனி இறங்கும் உயரத்தில் தேயிலை. இந்தச் சரிவின் உச்சியில், 7,000 அடிக்கு மேல், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தேனி மாவட்ட எல்லைக்குள் இருந்தாலும் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். 1930களில் தொடங்கிய அதன் தொழிற்சாலையில் இன்றும் பழைய ஆர்த்தடாக்ஸ் முறையில்தான் தூள் தயாராகிறது. அதே மாவட்டத்தில் தெற்கே மேகமலையும் தேயிலைக்குப் பேர்போனது.

கொழுந்து தொழிற்சாலைக்குள் நுழைந்தபின் அதன் வேதியியல் தலைகீழாகிறது. முதலில் காற்றோட்டமான தட்டுகளில் பரப்பி வாட்டுகிறார்கள். பிறகு ஆர்த்தடாக்ஸ் முறையென்றால் உருளை இயந்திரத்தில் முறுக்குகிறார்கள், சி.டி.சி. முறையென்றால் பல் பதித்த உருளைகளுக்கு இடையே கொடுத்து நசுக்கிக் கிழிக்கிறார்கள். இலையின் செல்கள் உடைந்ததும், அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த கேட்டசினும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் காற்றின் ஆக்சிஜனும் ஒன்று சேர்கின்றன. பச்சை செம்பு நிறமாகிறது. கேட்டசின்கள் இரண்டிரண்டாக இணைந்து தியாஃபிளேவின்களாகவும், மேலும் பின்னிப் பிணைந்து தியாருபிஜின்களாகவும் மாறுகின்றன. இதைப் புளிக்கவைத்தல் என்று சொன்னாலும் இதில் நுண்ணுயிர்களுக்குப் பங்கு இல்லை. கடைசியில் சூடான காற்றில் உலர்த்தியதும் நொதி செத்துப்போகிறது, மாற்றமும் நின்றுபோகிறது. பச்சைத் தேயிலையில் முதல் வேலையே ஆவியிலோ சூடான சட்டியிலோ இலையைக் காட்டி நொதியை முடக்குவதுதான். அதனால் கேட்டசின் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது. இரண்டரை கிராம் பச்சைத் தேயிலையைக் கால் லிட்டர் வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறவைத்தால் 240 முதல் 320 மில்லிகிராம் கேட்டசின் இறங்கும். அதில் பாதிக்கு மேல் ஈ.ஜி.சி.ஜி. கறுப்புத் தேநீரில் கரைந்திருக்கும் திடப்பொருளில் கேட்டசின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த இடத்தைத் தியாஃபிளேவினும் தியாருபிஜினும் பிடித்துக்கொள்கின்றன. ஆயினும் கறுப்புத் தேநீர் கிருமிகளிடம் வலுவற்றதாகிவிடவில்லை. தியாஃபிளேவின்களுக்கும் அந்தத் திறன் உண்டு.

இந்தத் திறன் முதலில் அறிவியல் ஏட்டில் ஏறியது கறுப்புத் தேநீரின் பெயரில்தான். 1906இல் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் மேஜர் மெக்நாட், டைஃபாய்டு கிருமிகளை ஆறிய தேநீரில் விட்டுப் பார்த்த சோதனையைத் தங்கள் ராணுவ மருத்துவப் பிரிவின் இதழில் வெளியிட்டார். நான்கு மணி நேரத்தில் கிருமிகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. இருபது மணி நேரம் கழித்துத் தேநீரிலிருந்து ஒன்றைக்கூட மீட்டு வளர்க்க முடியவில்லை. படைவீரர்களின் தண்ணீர்க் குடுவையில் தண்ணீருக்குப் பதில் தேநீரை நிரப்பிக் கொடுக்கலாம் என்பது அவரது யோசனை. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் குண்டடி பட்டு இறந்த பிரிட்டிஷ் வீரர்களைவிட நோயால் இறந்தவர்களே அதிகம். அந்த நோய்களில் முதன்மையானது டைஃபாய்டு. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு ராணுவ மருத்துவர் குடுவையைப் பற்றி யோசித்ததில் வியப்பில்லை.

மெக்நாட் சோதனை செய்துகொண்டிருந்த அதே காலத்தில் போடி மலைப்பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று போடப்பட்டது. அதைக் காளைகள் இழுத்தன. 1908இல் அதை மாற்றிச் சிறு ரயில்பாதை அமைத்தார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கி, செங்குத்தான சரிவில் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிநாயக்கனூர், பிறகு அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம், தூத்துக்குடித் துறைமுகம், கப்பல், சீமை. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை.

மெக்நாட்டின் கண்டுபிடிப்பு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஓர் ஓரத்தில் கிடந்தது. சல்ஃபாவும் பெனிசிலினும் வந்த பிறகு தேநீரில் யாருக்கு அக்கறை? அதை மறுபடி கையில் எடுத்தவர்கள் ஜப்பானியர்கள். டோக்கியோவின் ஷோவா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த டோடா, ஷிமாமுரா ஆகியோரின் குழு 1989இல் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பல கிருமிகள் மீது தேயிலைச் சாற்றைச் சோதித்தது. உணவை நஞ்சாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், கடல் மீனில் வாழும் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் போன்றவை மடிந்தன. அதுவும் செறிவூட்டிய சாற்றில் அல்ல, வீட்டில் குடிக்கும் தேநீரின் திடத்திலேயே. 1991இல் அதே குழு காலராக் கிருமியைச் சோதித்தது. தேயிலைச் சாறு காலராக் கிருமியைக் கொன்றது. அது சுரக்கும், ரத்தச் சிவப்பணுவைக் கரைக்கும் நச்சையும் செயலிழக்கச் செய்தது. விலங்குச் சோதனையில் குடலில் நீர் கோத்துக்கொள்வதையும் குறைத்தது. 1995இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஹாமில்டன் மில்லர் அதுவரை வந்தவற்றையெல்லாம் தொகுத்து எழுதிய கட்டுரைதான், பின்னால் வந்தவர்களுக்கு வழிகாட்டியது.

இவ்வகைச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. தமிழ்நாட்டில் நுண்ணுயிரியல் துறை உள்ள கல்லூரிகளில் முதுகலை மாணவருக்கு மிக எளிதாகக் கிடைக்கும் ஆய்வுத் தலைப்புகளில் இது ஒன்று. இலைத்தூளை நீரிலோ எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்துச் சாறெடுப்பார்கள். முல்லர் ஹிண்டன் அகார் நிரப்பிய தட்டில் கிருமியைப் பூசி, சாற்றில் நனைத்த சிறு காகித வில்லையை அதன்மேல் வைப்பார்கள். அல்லது அகாரில் சிறு குழி வெட்டிச் சாற்றை ஊற்றுவார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும். அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டால் ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம் முடிந்தது.

அந்த வட்டம் சாற்றின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. சாறு அகாருக்குள் எவ்வளவு தூரம் ஊர்ந்துபோனது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. தியாருபிஜின் போன்ற பெரிய மூலக்கூறுகள் அகாரில் எளிதில் நகர்வதில்லை. தட்டில் உள்ள புரதத்தோடு துவர்ப்பு ஒட்டிக்கொண்டாலும் அங்கேயே நின்றுவிடும். எனவே வட்டம் சிறியது என்பதால் சாறு வலுவற்றது என்று சொல்லிவிட முடியாது. டோடா குழுவின் 1989ஆம் ஆண்டு ஆய்விலேயே இதற்குச் சான்று இருக்கிறது: வயிற்றுப்போக்கு தரும் ஈ.கோலை வகை ஒன்று அகார் தட்டில் சாற்றுக்கு மசியவே இல்லை. அதையே திரவத்தில், தேநீரோடு நேராகக் கலந்து வைத்தபோது செத்துப்போனது. வட்டம் பெரிதாக வந்தாலும் ஐயம் உண்டு. சாறெடுத்த மெத்தனால் முழுதும் ஆவியாகாமல் மிஞ்சியிருந்தால் கிருமியைக் கொன்றது தேயிலையா மெத்தனாலா? வெறும் மெத்தனாலை நனைத்த வில்லை ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத ஆய்வை நம்ப வேண்டியதில்லை.

இதைவிட நம்பத்தகுந்த அளவுகோல், கிருமியின் வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக்குறைந்த செறிவு. சாற்றைப் படிப்படியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், எந்தக் குழாயில் கிருமி மறுபடி தலைதூக்குகிறது என்று பார்ப்பார்கள். தூய ஈ.ஜி.சி.ஜி.க்கு ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் விஷயத்தில் இந்த அளவு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை வருகிறது. ஈ.கோலைக்கு இதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

இரண்டுக்கும் ஏன் இத்தனை வேறுபாடு? கிருமியின் மேலுறையில் விடை இருக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கு வெளியே தடித்த சுவரும் அதற்கு உள்ளே ஒரு கொழுப்புச் சவ்வும் உண்டு. சுவர் சல்லடை போன்றது. கேட்டசின் அதைக் கடந்து சவ்வைத் தொட்டுவிடுகிறது. சவ்வின் கொழுப்பு அடுக்குக்குள் அது செருகிக்கொண்டு பிளவு உண்டாக்குவதை 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். செல்லின் உள்ளிருப்புகள் கசிந்து வெளியேறுகின்றன. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கோ வெளியே இன்னொரு சவ்வு உண்டு. எதிர் மின்னேற்றம் கொண்ட சர்க்கரைக் கொழுப்பு அதன்மேல் போர்த்தியிருக்கிறது. கேட்டசினை அது கிட்டே அண்டவிடுவதில்லை. காலராக் கிருமியும் கிராம் நெகட்டிவ்தான், ஆனால் அது மசிந்துவிடுகிறது. விதி எல்லாருக்கும் பொருந்துவதில்லை.

சவ்வைக் கிழிப்பது மட்டுமே வழியல்ல. 2007இல் ஸ்லோவேனிய ஆய்வாளர்கள், டி.என்.ஏ. முறுக்கை அவிழ்க்கும் கைரேஸ் என்ற நொதியின் ஆற்றல் வாங்கும் இடத்தில் கேட்டசின்கள் போய் அமர்ந்துகொள்வதைக் கண்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் தாக்குவதும் கைரேஸைத்தான், ஆனால் வேறொரு இடத்தில். கிருமி தன் சவ்வுக்கான கொழுப்பமிலங்களைக் கட்டும் நொதிகளையும், ஃபோலேட்டைச் செய்யும் நொதியையும் ஈ.ஜி.சி.ஜி. தடுப்பதாகத் தெரிகிறது. இரும்பு அயனிகளையும் அது பற்றிக்கொள்கிறது. இரும்பு கிடைக்காத கிருமி பெருகுவதில்லை. போதாக்குறைக்கு, காற்றுப் படும் திரவத்தில் கேட்டசின் தானே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. காயத்தைக் கழுவும்போது நுரைக்கும் அதே பெராக்சைடு. குழாயில் செத்த கிருமிகளில் ஒரு பகுதி இந்தப் பெராக்சைடால் செத்தவை. உடலுக்குள் அதே வேகத்தில் அது உண்டாகும் என்று சொல்வதற்கில்லை; குழாய்ச் சோதனையின் எண்ணை அப்படியே நோயாளிக்குப் பெயர்த்துச் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது ஆன்டிபயாடிக் மருந்துக்கு மசியாத கிருமிகளிடம்தான். மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ், அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ., உலகெங்கும் மருத்துவமனைகளில் தொல்லை தருவது. 1998இல் ஹாமில்டன் மில்லர் குழுவும், 2001இல் ஷிமாமுரா குழுவும் தனித்தனியே ஒன்றைக் கவனித்தன. கிருமியைத் தானாகக் கொல்லப் போதாத சிறிய அளவு தேயிலைப் பொருளைச் சேர்த்தால்கூட, பயனற்றுப்போன பீட்டா லாக்டம் மருந்துகள், அதாவது பெனிசிலின் குடும்ப மருந்துகள், மறுபடி வேலை செய்யத் தொடங்கின. மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராமோ அதற்கும் குறைவோ போதுமாயிருந்தது. பெனிசிலின் குடும்பம் கிருமியின் சுவர் கட்டுமானத்தைத் தடுக்கும், ஈ.ஜி.சி.ஜி.யும் சுவரின் பெப்டிடோகிளைகானை நேராகப் பற்றிக்கொள்கிறது. இருபுறமும் இடித்தால் சுவர் நிற்காது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியையும் அது அடக்குகிறது. ஆன்டிபயாடிக் கண்டபடி விற்கும், கண்டபடி விழுங்கும் நாட்டில் இந்தக் கூட்டணிக்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாகத் தோன்றும்.

ஆனால் இங்கேதான் கணக்கு இடிக்கிறது. குடித்த தேநீரிலிருந்து ரத்தத்துக்குள் நுழையும் கேட்டசின் மிகச் சொற்பம். ஒன்றிரண்டு கோப்பை குடித்த பிறகு ரத்தத்தில் காணப்படும் ஈ.ஜி.சி.ஜி.யின் உச்ச அளவு பொதுவாக மில்லிலிட்டருக்கு அரை மைக்ரோகிராமைத் தாண்டுவதில்லை. அதிலும் ஒரு பகுதி ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மீதியைக் கல்லீரலும் குடலும் உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. கிருமியைக் கொல்ல வேண்டிய 100 எங்கே, கிடைக்கும் அரை எங்கே. மருந்துக்குத் துணைபுரியத் தேவையான 25 என்றால்கூட ஐம்பது மடங்கு இடைவெளி. பச்சைத் தேநீர் குடித்தால் நுரையீரல் தொற்று ஆறும், ரத்தத்தில் பரவிய கிருமி சாகும் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

அதே கணக்கு கோப்பையிலும் வாயிலும் வேறாக இருக்கிறது. மேலே சொன்ன கால் லிட்டர் பச்சைத் தேநீரில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1,000 மைக்ரோகிராம் கேட்டசின் உண்டு. பல்லில், தொண்டையில், தோலில், குடலின் மேல்பகுதியில் சாறு கிருமியை நேரே தொடுகிறது. அங்கெல்லாம் தேயிலை மெய்யாகவே கிருமிநாசினி. பற்சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், சர்க்கரையைப் பசையாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பசையைச் செய்யும் நொதியைக் கேட்டசினும் தியாஃபிளேவினும் தடுக்கின்றன. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. அதுவும் பல்லுக்குத் துணை. நான்கு கரண்டிச் சர்க்கரை போட்டுக் குடித்தால் இந்தப் பலனை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

தோலில் இந்தச் சாறு முறையான மருந்தாகவே ஆகிவிட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006 அக்டோபரில் பச்சைத் தேயிலைக் கேட்டசின்களால் செய்த 15 சதவீதக் களிம்புக்கு ஒப்புதல் கொடுத்தது. சைனிகேட்டசின்ஸ் என்பது அதன் மருந்துப் பெயர். பாப்பிலோமா வைரஸால் பிறப்புறுப்பைச் சுற்றி வரும் மருக்களுக்கு, ஒரு நாளைக்கு மூன்று முறை, அதிகபட்சம் 16 வாரம் வரை பூசுவது. தாவரச் சாறு ஒன்று, அதன் கூட்டுப்பொருள்கள் பிரிக்கப்படாமலே, அந்த நிர்வாகத்தின் மூலிகை மருந்து விதிகளின்படி மருத்துவர் சீட்டோடு விற்கும் மருந்தாக அங்கீகாரம் பெற்றது அதுவே முதல் முறை. மரு மறைந்தாலும் வைரஸ் உடலைவிட்டுப் போய்விட்டது என்று பொருளல்ல. மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதும் முழுதாகத் தெளிவாகவில்லை. ஆயினும், எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்று வரையறுத்து, நோயாளிகளிடம் சோதித்து நிறுவிய ஒன்று என்பதால், தேயிலையின் பெயரால் விற்கும் நூறு பொட்டலங்களைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

வைரஸ்களில் இன்ஃப்ளூயன்சா பற்றி 1993 முதலே பேச்சு உண்டு. ஈ.ஜி.சி.ஜி.யும் தியாஃபிளேவினும் வைரஸின் மேலுள்ள முள்களைப் பற்றிக்கொண்டு, அது செல்லில் ஒட்டவிடாமல் தடுப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். கொரோனா காலத்திலும் இதே போன்ற குழாய்ச் சோதனைகள் செய்தியாயின. அவற்றுக்கும் ரத்த அளவுக் கணக்கு பொருந்தும். பூஞ்சைகளில் கேண்டிடா ஆல்பிகன்ஸ் மீது ஈ.ஜி.சி.ஜி.யின் தாக்கம் அமில காரத் தன்மையைப் பொறுத்தது: நடுநிலையான ஊடகத்தில் வலு அதிகம், புளிப்பான ஊடகத்தில் குறைவு.

எல்லாப் பூஞ்சையும் தேயிலைக்கு அஞ்சுவதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கருப்புப் பூஞ்சை டானேஸ் என்ற நொதியைச் சுரந்து துவர்ப்புப் பொருளைச் சிதைத்தே பிழைப்பது. டீக்கடையில் வடிகட்டியைத் தட்டிப்போட்ட தூள் இரண்டு நாளில் பூசணம் பூப்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தோட்டத்திலும் இதே கதைதான். எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்ற பூஞ்சை உண்டாக்கும் கொப்புள நோய் 1946இல் தென்னிந்தியத் தோட்டங்களுக்குள் நுழைந்தது. கேட்டசின் உச்சத்தில் இருக்கும் இளங்கொழுந்தைத்தான் அது தாக்குகிறது. முற்றிய இலையை விட்டுவிடுகிறது. மழையும் மூடுபனியும் விடாமல் இருக்கும் மாதங்களில் தாமிரம் கலந்த மருந்தைத் தெளிக்காமல் கொழுந்தைக் காப்பாற்ற முடியாது. தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு இந்த நோய் பல பத்தாண்டு வேலை கொடுத்திருக்கிறது. செடியின் காவல் பூச்சியையும் நுண்ணுயிரையும் பொதுவாக எதிர்க்கும். அந்தச் செடியோடு கூடவே பழகி வளர்ந்த எதிரியை எதிர்க்காது.

சரி, போடிப் பக்கம் அன்றாடம் குடிக்கும் தேநீரில் இவற்றில் எவ்வளவு மிஞ்சும்? அங்கே பெரும்பாலும் சி.டி.சி. தூள், பால், சர்க்கரை, விரும்பினால் இஞ்சி, தட்டிப்போட்ட ஏலக்காய். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் பாலிஃபீனால்களை இறுகப் பற்றிக்கொள்ளும். நாக்கில் துவர்ப்பு மட்டுப்படுவது அதனால்தான். நாக்கின் புரதத்தோடு ஒட்ட வேண்டியது பாலின் புரதத்தோடு ஒட்டிவிடுகிறது. கிருமியின் புரதத்தோடு ஒட்டவும் அதே அளவுக்கு மிச்சம் குறையும். ஏலக்காயின் எண்ணெயில் உள்ள சினியோலுக்கும் டெர்பினைல் அசிடேட்டுக்கும் கிருமியெதிர்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் அவை நீரில் எளிதில் கரையாதவை, கொதிக்கும்போது ஆவியோடு போய்விடுபவை. ஒரு காயில் மணம்தான் மிஞ்சும். பாலில்லாத கட்டன்சாயாவில் கணக்குச் சற்று மேல்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் விலக்கிவிட வேண்டும். தேநீர் குடிப்பவர்களுக்குத் தண்ணீரால் பரவும் நோய் குறைகிறது என்றால், அதில் பெரும்பங்கு கொதிக்கவைத்த தண்ணீருக்கு. டைஃபாய்டு, காலராக் கிருமிகள் கொதிநிலைக்கு வெகு முன்பே மடிந்துவிடும். இலையின் பங்கு தொடங்குவது தண்ணீர் ஆறிய பிறகு. ஆறிய தேநீரில் பின்னால் கிருமி விழுந்தால் அது பெருகாமல் தடுக்கும். மெக்நாட்டின் குடுவை யோசனைக்கு அடிப்படை இதுதான். அதுவும் உடனே அல்ல. கொதிக்காத தண்ணீரில் தேயிலைச் சாற்றைக் கலந்து அப்போதே குடித்தால் ஒரு பாதுகாப்பும் இல்லை. சர்க்கரையும் பாலும் சேர்ந்த தேநீரைப் பிளாஸ்கில் மணிக்கணக்கில் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது கிருமிக்கு விருந்து.

தோட்டங்களுக்கு இந்த ஆய்வுகளால் கிடைக்கக்கூடிய ஆதாயம் கோப்பையில் இல்லை. சாறு பிரிக்கும் தொழிலில்தான் இருக்கிறது. தென்னிந்தியாவுக்கு அந்தத் தொழில் புதிதல்ல. நீலகிரியிலும் மூணாற்றிலும் கரையும் தேயிலைத்தூள் செய்யும் ஆலைகள் எழுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கவாத்தில் வெட்டித் தள்ளும் கிளைகளின் இலையிலும், தூளுக்கு ஆகாத முற்றிய இலையிலும் கொழுந்தளவு இல்லாவிட்டாலும் கேட்டசின் இருக்கிறது. வாய் கொப்பளிக்கும் நீர், தோல் களிம்பு, காற்று வடிகட்டி, உணவு கெடாமல் காக்கும் பூச்சு ஆகியவற்றுக்கு அது கச்சாப்பொருள் ஆகலாம். நிழலும் பருவமும் பறிப்பும் மாறினால் கேட்டசின் அளவும் மாறும் என்பதால், ஒவ்வொரு தொகுதியிலும் ஈ.ஜி.சி.ஜி. இவ்வளவு என்று அளந்து எழுதாத சாற்றை மருந்துத் தொழில் ஏற்காது.

குடிப்பதைத் தாண்டி, சாற்றை மாத்திரையாக விழுங்கும் வழக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈ.ஜி.சி.ஜி.யை மாத்திரையாக எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததைக் குறிப்பிட்டது. சாதாரணமாகக் காய்ச்சிக் குடிக்கும் தேநீரைப் பற்றி அந்த அச்சம் இல்லை. துவர்ப்புப் பொருளைக் கண்டபடி உடலில் ஏற்றியதற்குப் பழைய உதாரணம் ஒன்றும் உண்டு: 1925இல் டெட்ராய்ட்டில் டேவிட்சன் என்ற மருத்துவர் தீக்காயத்துக்கு டானிக் அமிலம் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். உலகமே அதைப் பின்பற்றியது. 1940களில் அதனால் கல்லீரல் கெடுவது தெரிந்து கைவிட்டார்கள். டானிக் அமிலமும் கேட்டசினும் ஒன்றல்ல, உறவு முறைதான்.

கிருமியிடமிருந்து இரும்பைப் பிடுங்கும் அதே குணம் உணவிலிருந்தும் இரும்பைப் பிடுங்குகிறது. கீரை, பயறு, தானியம் ஆகியவற்றின் இரும்பு உடலில் சேர்வதைச் சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் நன்றாகக் குறைத்துவிடும். இறைச்சியின் இரும்பை அவ்வளவாகப் பாதிக்காது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் அடிவார ஊர்ப் பெண்கள் பலருக்குக் காலைச் சாப்பாடும் டீயும் ஒரே நேரத்தில்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்தால் இரும்பு இழப்பு வெகுவாகக் குறைகிறது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ உணவில் இருந்தால், அதன் வைட்டமின் சி இழப்பின் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது.